பட்டா இல்லாத மனை

டென்மார்க்கில் பெரும்பாலான கார்களின் முன்கண்ணாடியில் ஒரு சின்ன வட்டு ஒட்டியிருக்கும். கடிகார முகம்போல் எண்கள் எழுதிய வட்டு. கடைத்தெருவில் வண்டியை நிறுத்தியதும், வந்து சேர்ந்த நேரத்துக்கு அதன் முள்ளைத் திருப்பி வைக்க வேண்டும், மறந்தால் அபராதம். அதன் பெயர் பே-ஸ்கீவ. 'ஸ்கீவ' என்றால் டேனிஷ் மொழியில் வட்டு. கம்பு ரொட்டியில் அறுத்தெடுத்த ஒரு துண்டும் ஸ்கீவதான். கடிகாரத்தின் முகமும் ஸ்கீவ, துப்பாக்கி சுடப் பழகுகிறவர்கள் குறிபார்க்கும் பலகையும் ஸ்கீவ. நாள் முழுக்க எல்லார் வாயிலும் புழங்கும் சொல்.

இதே பெயரில் ஓர் ஊரும் இருக்கிறது. ஜட்லாந்தின் வடமேற்கில், லிம்ஃபியோர்ட் கடற்கழி உள்ளே நுழைந்து வளையும் இடத்தில், கரூப் ஆறு வந்து கலக்கும் கரையில் அமைந்த சிறு நகரம். ஊரில் சுமார் 20,000 பேர். சுற்றுவட்டாரத்தையும் சேர்த்த நகராட்சிக்குள் சுமார் 45,000 பேர். 'ஸ்கீவ டாட் டிகே' என்ற இணைய முகவரி இந்த நகராட்சியின் கையில் இருக்கிறது. குப்பை வண்டி எந்த நாளில் வரும், குழந்தைகள் காப்பகத்தில் இடம் கேட்டு எப்படி விண்ணப்பிப்பது, கட்டட அனுமதிக்கு என்ன தாள்கள் வேண்டும் என்று தேடுகிற ஊர்க்காரர் அந்த முகவரிக்குத்தான் போகிறார்.

டொமைன் வியாபாரத்தில் இருக்கும் ஒருவரிடம் இந்தப் பெயரைக் காட்டினால் அவர் பார்வையே வேறாக இருக்கும். ஆங்கில எழுத்தில் ஐந்தே எழுத்து, அகராதிச் சொல், ஒரு நாடே தினமும் உச்சரிக்கும் சொல். மெயின் ரோட்டில் கார்னர் பிளாட் என்பார். அதில் ஒரு நகராட்சி உட்கார்ந்துகொண்டு குப்பை வண்டி நேரத்தைப் போட்டுக்கொண்டிருப்பது அவருக்கு வீணாகத் தெரியும்.

இந்தப் பார்வைதான் இன்று பரவலாக நிலைத்திருக்கிறது. இணையப் பெயர் என்பது இணையத்தின் நிலம். நிலம் புதிதாக முளைக்காது. முந்திக்கொண்டு வாங்கிப் போட்டவனுக்கு யோகம். காத்திருந்தால் விலை ஏறியே தீரும். தமிழ்நாட்டில் இந்த வாதம் இன்னும் சுலபமாகக் காதில் ஏறுகிறது. புறநகரில் கல் நட்டு, கலர் கொடி கட்டி, ஷாமியானா போட்டு மனை விற்கும் காட்சியை இரண்டு தலைமுறையாகப் பார்த்தவர்கள் நாம். அன்றைக்குச் சென்ட் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிப் போட்டிருந்தால் இன்று என்ன ஆகியிருக்கும் என்று புலம்பாத வீடு கிடையாது. அந்தப் புலம்பலின் மேல்தான் 'ஆயிரம் ரூபாய்க்கு டொமைன் வாங்கு, லட்சங்களில் விற்றுவிடு' என்கிற வீடியோக்களும் பயிற்சி வகுப்புகளும் கட்டப்பட்டிருக்கின்றன. வேலைக்கு அலையும் இளைஞர்கள் கையில் இருக்கும் சொற்பக் காசை அதில் போடுகிறார்கள்.

இந்த வாதத்தின் முதல் வரியே தவறு.

மனை வாங்கினால் பத்திரம் பதிகிறோம், பட்டா மாற்றுகிறோம், வில்லங்கச் சான்று எடுக்கிறோம். வாங்கியவர் வெளிநாட்டில் இருந்தாலும் நிலம் அதே சர்வே எண்ணில் கிடக்கும். டொமைனில் இதில் ஒன்றுகூட இல்லை. டாட் காம் பெயர் ஒன்றை அதிகபட்சம் பத்து ஆண்டுக்கு மேல் யாரும் ஒரே தடவையில் எழுதி வாங்க முடியாது. பணம் கட்டும்வரை பயன்படுத்தலாம். கட்டாமல் விட்டால் சில வாரங்களில் கைமாறிவிடும். கிராமத்துக் கணக்கில் சொன்னால் இது கிரயம் ஆகாது, குத்தகை. அந்தக் குத்தகையும் மேலே இருப்பவரின் விதிகளுக்குக் கட்டுப்பட்டது.

இங்கே எதிர்த்தரப்பு ஒரு தீர்ப்பை எடுத்து வைக்கும். அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 2007இல் பாஃப்கென் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் வழக்கில், டொமைன் பெயரைப் பயன்படுத்தும் தனியுரிமைக்குப் பொருளாதார மதிப்பு உண்டு, அதை 'உடைமை' என்று கொள்ளலாம் என ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த வழக்கில் நிறுவனம் தோற்றது. பிறருடைய பெயர் உரிமையை மீறிய டொமைன்களை விட்டுக்கொடுக்கச் சொன்ன ஜெர்மன் நீதிமன்றங்களின் ஆணை செல்லும் என்பதே முடிவு. உடைமையாக மதிக்கப்பட்டது பயன்படுத்தும் உரிமை. சொல் யாருடைய சொத்தாகவும் ஆகவில்லை.

காலடியில் இருக்கும் மண்ணே காணாமல் போவதும் உண்டு. யூகோஸ்லாவியா என்ற நாடு மறைந்த பின்னும் அதன் டாட் ஒய்யு பெயர்கள் சில ஆண்டுகள் ஓடின. 2010இல் முழுவதுமாக நீக்கப்பட்டன. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியபோது, டாட் இயு பெயர்களை வைத்திருந்த பிரிட்டன்காரர்கள் தகுதி இழந்தார்கள். 2021 ஜனவரி 1 அன்று சுமார் 80,000 பெயர்கள் முடக்கப்பட்டன. அடுத்த ஆண்டு அவை மற்றவர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. லண்டனில் வீடு வைத்திருந்த ஒருவரின் வீட்டை அன்று யாரும் பிடுங்கவில்லை. முகவரியைப் பிடுங்கிவிட்டார்கள்.

'நிலம் புதிதாக முளைக்காது' என்பது இரண்டாவது வரி. டொமைன் முளைக்கும். 2012இல், இணையப் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு புதிய பின்னொட்டுகளுக்குக் கதவைத் திறந்தபோது 1,930 விண்ணப்பங்கள் வந்தன. 1,200க்கும் மேற்பட்டவை நடைமுறைக்கு வந்தன. டாட் ஷாப், டாட் ஆன்லைன், டாட் எக்ஸ்ஒய்இசட் என்று வரிசை நீண்டது. ஒரு சொல்லுக்கு ஒரு டாட் காம் மட்டும் இருந்த காலத்தில் இருந்த தட்டுப்பாடு, ஒரே சொல்லை ஆயிரம் வாசல்களில் பதியலாம் என்று ஆனதும் உடைந்தது. புதிய பெயர்களில் பெரும்பகுதி யாருக்கும் பழக்கமாகவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அது எதைக் காட்டுகிறது? சொல் ஒன்றாகவே இருந்தும் ஒரு வாசலில் மதிப்பு நிற்கிறது, இன்னொன்றில் நிற்பதில்லை. மக்கள் பழகிய பழக்கம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் நிற்கிறது.

மெயின் ரோட்டு மனை என்ற உவமைக்கு ஒரு காலத்தில் கொஞ்சம் அடிப்படை இருந்தது. 1990களில் பூ வாங்க நினைத்தவர் 'பூ' என்ற ஆங்கிலச் சொல்லோடு டாட் காம் சேர்த்து நேராகத் தட்டிப் பார்ப்பார். வழியோடு போகிறவர் கடைக்குள் எட்டிப் பார்ப்பதுபோல. 2008இல் குரோம் உலாவி வந்தபோது முகவரிப் பெட்டியும் தேடல் பெட்டியும் ஒன்றாயின; தட்டுகிற சொல் தேடலுக்குப் போனது. கைபேசி வந்தபின் செயலிகள். இப்போது கேள்வி கேட்டால் பதிலையே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு. சாலை திசைமாறிப் போய்விட்டது. அந்தப் பழைய சாலையோர மனைக்கு இன்னும் பழைய விலை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனாலும் கோடிகளில் விற்கிறதே என்பார்கள். விற்கிறது. 2019இல் மைக்ரோஸ்ட்ராட்டஜி நிறுவனம் 'வாய்ஸ் டாட் காம்' பெயரை ப்ளாக் டாட் ஒன் நிறுவனத்துக்கு 3 கோடி டாலருக்கு விற்றது. பதிவான விற்பனைகளில் மிகப் பெரியவற்றில் ஒன்று. வாங்கியவர்கள் அந்தப் பெயரில் ஒரு சமூக வலைத்தளத்தைத் தொடங்கினார்கள். உலகத்தின் அத்தனை ஆங்கிலம் பேசுவோருக்கும் தெரிந்த சொல், ஐந்து எழுத்து, டாட் காம். அந்த வலைத்தளம் நிலைக்கவில்லை. அதே ஆண்டுகளில் 'ஸூம்' செயலியில் உலகமே வகுப்பு நடத்தியது, கல்யாணம் பார்த்தது.

விற்றவர் கதை பத்திரிகையில் வரும். விற்காதவர் கதை எங்கும் வராது. ஒருவர் 500 பெயர்களை வாங்கி வைத்திருப்பதாகக் கொள்வோம். பெயருக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் என்றால் ஆண்டுக்கு 5 லட்சம். பத்து ஆண்டில் 50 லட்சம். காலி மனைக்கு இப்படி வாடகை கட்டுகிறவர் உண்டா? அந்தப் பெயர்களைத் திறந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி: வெள்ளைப் பக்கம், 'இந்தப் பெயர் விற்பனைக்கு' என்று ஒரு வரி, விலை கேட்க ஒரு படிவம். ஆண்டு முழுக்க அந்தப் படிவத்தை யாரும் நிரப்பாத பெயர்களும் புதுப்பிக்கப்படுகின்றன. 2015 கடைசியில் சீன முதலீட்டாளர்கள் எண்களும் குறும்பெயர்களுமாக அள்ளினார்கள். விலை ராக்கெட்டாக ஏறி, அடுத்த ஆண்டே சரிந்தது. 2020 மார்ச்சில் கொரோனா என்ற சொல்லை ஒட்டி ஆயிரக்கணக்கான பெயர்கள் பதிவாயின. இன்று அவை யாருக்கு வேண்டும்?

அங்குவிலா கதையும் இங்கே தவறாமல் வரும். கரீபியக் கடலில் ஒரு சின்னத் தீவு. அதன் பின்னொட்டு தற்செயலாக டாட் ஏஐ. 2023இல் இந்தப் பெயர்களிலிருந்து அதற்கு வந்த வருவாய் சுமார் 3.2 கோடி டாலர். அரசு வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். சந்தோஷமான செய்திதான். ஆனால் அந்தப் பணம் யாருக்குப் போனது என்று பார்க்க வேண்டும். குத்தகை வசூலிக்கும் மிராசுதாருக்குப் போனது. பெயரை வாங்கி அடுக்கிக் காத்திருப்பவர் அங்கே குத்தகைதாரர்.

இனி ஸ்கீவுக்குத் திரும்பலாம். டென்மார்க் இந்த நில வாதத்தைச் சட்டம் போட்டே மறுத்த நாடு. 2005இல் கொண்டுவந்து 2014இல் புதுப்பித்த இணைய டொமைன் சட்டத்தில் 'நல்ல டொமைன் வழக்கம்' என்றொரு கோட்பாடு இருக்கிறது. மறுவிற்பனைக்கோ வாடகைக்கோ என்ற நோக்கம் ஒன்றுக்காக மட்டுமே டாட் டிகே பெயரைப் பதிந்து வைத்திருக்கக் கூடாது என்று 25ஆம் பிரிவு சொல்கிறது. விற்பதே குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. கடையை மூடிய ஒருவர் தன் பெயரை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். விற்பதற்கென்றே பிடித்து வைப்பதுதான் தடை. அப்படிப் பிடித்து வைத்திருப்பவர்மேல் புகார் செய்ய டொமைன் பெயர்களுக்கான முறையீட்டு வாரியம் ஒன்று உண்டு; பெயரைப் பறித்து, தேவைப்படுபவருக்கு மாற்றித் தர அதற்கு அதிகாரம் இருக்கிறது.

நில வாதக்காரர்கள் இதைப் படித்தால் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்: முதலீட்டாளர் இல்லாத சந்தை செத்துவிடும், பெயருக்கு மதிப்பே இருக்காது. நடந்தது அதற்கு நேர்மாறு. சுமார் 60 லட்சம் மக்கள் வாழும் நாட்டில் டாட் டிகே பெயர்கள் சுமார் 13 லட்சம். நாலைந்து பேருக்கு ஒரு பெயர். இந்தியாவில் 140 கோடிப் பேருக்கு டாட் இன் பெயர்களை 40 லட்சம் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 350 பேருக்கு ஒன்றுதான் வருகிறது. டேனிஷ்காரர்களின் வருமானமும் இணையப் பழக்கமும் இதில் சேர்ந்தவை என்பது சரி. ஆனால் பதுக்கல் இல்லாவிட்டால் மதிப்பு இல்லை என்ற பயமுறுத்தலுக்கு இந்த 13 லட்சம் போதுமான பதில். தச்சுப்பட்டறை வைத்திருப்பவர், முடிதிருத்துபவர், கைப்பந்து சங்கம் என்று யாருக்கும் நியாயமான ஆண்டுக் கட்டணத்தில் பெயர் கிடைக்கிறது. யாரோ முன்கூட்டி வளைத்துப்போட்டு, அவரிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

ஸ்கீவில் 1880இலிருந்து வெளிவரும் ஒரு நாளிதழ் இருக்கிறது, ஸ்கீவ ஃபோல்கெப்ளாட். ஊர்ப்பெயரோடு 'மக்கள் ஏடு' என்ற சொல்லும் சேர்ந்த நீளமான பெயர். அதே நீளத்தில் அதன் இணைய முகவரி. ஏலத்தில் வைத்தால் ஊருக்கு வெளியே ஒருவரும் கை தூக்க மாட்டார். உள்ளூர்ப் பத்திரிகைகள் ஒவ்வொன்றாகப் பெரிய குழுமங்களில் கரைந்துகொண்டிருக்கும் காலத்தில், பள்ளியை மூடப்போகிறார்களா, படகுத்துறையில் என்ன வேலை நடக்கிறது என்று அறிய, ஸ்கீவை ஒட்டிய சால்லிங் தீபகற்பத்து மக்கள் நம்பிப் போகும் முகவரி அது. சந்தை விலை பூஜ்யமாகவும் மதிப்பு முழுதாகவும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

எதிர்ப்பக்கம் பாருங்கள். 2007 ஜனவரி 1 அன்று டென்மார்க் நகராட்சிகளை இணைத்தபோது சால்லிங்சுண்ட், ஸ்பொத்ரூப், சுண்ட்சொர ஆகிய மூன்றும் ஸ்கீவோடு சேர்க்கப்பட்டன. ஸ்பொத்ரூப்பில் இடைக்காலக் கோட்டை இன்றும் நிற்கிறது. பெயர்கள் மக்கள் வாயில் இருக்கின்றன. ஆனால் ஒரு நகராட்சியின் பெயர் என்ற வகையில் அவற்றுக்கு இருந்த மதிப்பு ஒரே இரவில் முடிந்தது. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. பின்னால் நடந்துகொண்டிருந்த வேலை இடம் மாறியது, அவ்வளவுதான்.

இதே 'ஸ்கீவ'வை ஆங்கில எழுத்தில் அப்படியே ஓர் ஆங்கிலேயரிடம் காட்டினால் வேலைக்கோ பள்ளிக்கோ மட்டம் போடுவது என்று படிப்பார். தோல் வேலை செய்பவர் தோலின் ஓரத்தைச் சீவி மெல்லியதாக்குவது என்று படிப்பார். ஒரே ஐந்து எழுத்து. மண்ணுக்கு இருப்பதுபோல் அதற்குத் தனக்கென்று வளம் ஏதும் இல்லை. படிக்கிறவர் யார், எதை எதிர்பார்த்து வருகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சென்னை நிறுவனங்கள் தொடுத்த இரண்டு வழக்குகளே இதற்குச் சாட்சி. சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தன் பெயரிலிருந்து 'சிஃபி' என்ற சொல்லை உண்டாக்கிப் புழங்கியது. அகராதியில் இல்லாத சொல். இன்னொரு நிறுவனம் ஓர் எழுத்தைக் கூட்டி அதே ஒலியில் பெயர் வைத்தபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2004 மே மாதம் தீர்ப்பு சிஃபிக்குச் சாதகமாக வந்தது. டொமைன் பெயர் வெறும் முகவரியாக நின்றுவிடாமல் வணிகப் பெயரின் வேலையையும் செய்கிறது, அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று நாட்டிலேயே முதன்முறையாக உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. எதை வைத்து? அந்தப் பெயரில் நடந்த வியாபாரத்தையும் அது ஈட்டிய நல்ல பெயரையும் வைத்து.

இரண்டாவது, பாரத் மேட்ரிமோனி நடத்திய நிறுவனம், அப்போது கான்சிம் இன்ஃபோ, கூகுள் மேல் தொடுத்த வழக்கு. தங்கள் பெயரிலுள்ள சொற்களை விளம்பரத்துக்குப் போட்டியாளர்கள் பயன்படுத்துகிறார்கள் என்பது புகார். 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. தமிழ், மேட்ரிமோனி போன்றவை பொருளை விவரிக்கும் பொதுச் சொற்கள். அவற்றுக்கு ஒருவர் மட்டும் வேலி போட்டுக்கொள்ள முடியாது. பிற்பாடு அந்த நிறுவனம் தன் பெயரையே மேட்ரிமோனி டாட் காம் என்று மாற்றிக்கொண்டு 2017இல் பங்குச் சந்தைக்கு வந்தது. பங்கு வாங்கியவர்கள் அந்த ஆங்கிலச் சொல்லுக்காகப் பணம் போடவில்லை. வரன் பார்க்கும் குடும்பங்கள் லட்சக்கணக்கில் அங்கே பதிந்து வைத்திருந்த விவரங்களுக்காகப் போட்டார்கள். கற்பனைச் சொல்லுக்கு வேலி கிடைத்தது, அகராதிச் சொல்லுக்குக் கிடைக்கவில்லை. அகராதிச் சொற்களைத் தேடித்தேடி வாங்கச் சொல்லும் பயிற்சி வகுப்புகள் இந்த இரண்டு தீர்ப்புகளையும் மாணவர்களுக்குச் சொல்வதில்லை.

நில வாதத்தோடு சண்டை போடுகிற இன்னொரு கூட்டம் உண்டு. டொமைன் செத்தது, இனி ஃபேஸ்புக் பக்கமும் வாட்ஸ்அப் எண்ணும் போதும் என்பவர்கள். பார்க்க எதிரிகள்போல் தெரிந்தாலும் இருவரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். சொல்லை மட்டுமே பார்க்கிறார்கள். அந்தச் சொல் யார் பொறுப்பில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. 2018 செப்டம்பர் 24 அன்று ஸோஹோ டாட் காம் திடீரென்று நின்றது. சர்வர் பழுதாகவில்லை. ஸோஹோ மின்னஞ்சலைப் பயன்படுத்திச் சிலர் மோசடி செய்ததாக வந்த புகார்களின் பேரில், பெயரைப் பதிவு செய்து கொடுத்த நிறுவனம் அந்தப் பெயரையே முடக்கிவிட்டது. சுமார் 3 கோடிப் பயனர்களைக் கொண்ட, சென்னையில் வேரூன்றிய நிறுவனம். அதன் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் வந்து உதவி கேட்க வேண்டியிருந்தது. மென்பொருள், சர்வர், ஆட்கள் எல்லாம் அப்படியே இருந்தன. முகவரி இல்லாததால் ஒன்றுமே இல்லாததுபோல் ஆனது. செத்துப்போன ஒன்று நின்றால் இத்தனை பேருக்கு வலிக்காது.

வருங்கால மதிப்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை ரிசர்வ் வங்கி காட்டிவிட்டது. இந்திய வங்கிகளுக்கென்றே 'டாட் பேங்க் டாட் இன்' என்ற தனிப் பின்னொட்டை 2025 பிப்ரவரியில் அறிவித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் மாறிவிட வேண்டும் என்றது. வங்கி என்று உறுதியாகாத எவருக்கும் அது கிடைக்காது. பாரத ஸ்டேட் வங்கி இப்போது 'எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன்'. இந்தப் பெயரை ஒருவரும் பதுக்க முடியாது, ஏலம் விட முடியாது. எந்த விலைப்பட்டியலிலும் அது வராது. ஆனால் பென்ஷன் பணம் வந்ததா என்று பார்க்க உட்காரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு, மோசடிக்காரன் அனுப்பிய லிங்க்கையும் உண்மையான வங்கியையும் பிரித்துக்காட்டும் அடையாளம் அதுதான். டென்மார்க்கும் இதே திசையில் முன்பே போனது: டாட் டிகே பெயர் எடுப்பவர் தன் அடையாளத்தை நிரூபிக்க வேண்டும், வைத்திருப்பவர் யார் என்பது பொதுவில் தெரியும். குரலையும் முகத்தையும் கடிதத்தையும் இயந்திரம் போலியாக உண்டாக்கும் காலத்தில், எங்கிருந்து வந்தது என்று சரிபார்க்க மிஞ்சியிருக்கும் சில இடங்களில் முகவரி ஒன்று.

தமிழருக்கு இதில் இழக்க நிறைய இருக்கிறது. 2009 அக்டோபரில் யாஹூ ஜியோசிட்டீஸை மூடியபோது, அங்கே இலவச இடத்தில் கட்டியிருந்த எத்தனையோ தமிழ்ப் பக்கங்கள் சேர்ந்து போயின. அதே காலத்தில் சொந்தப் பெயரில் நின்றவை இன்றும் நிற்கின்றன. சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கிச் சேர்க்கும் நூலகம் திட்டம் இரண்டும் டாட் ஓஆர்ஜி முகவரிகளில்தான் இருக்கின்றன. யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட ஒரு சமூகம் 'நூலகம்' என்ற சொல்லையே முகவரியாக வைத்திருக்கிறது. ஆங்கில எழுத்தில் அதை எழுதிக் காட்டினால் டொமைன் தரகர் உதட்டைப் பிதுக்குவார். 1980களில் அகதிகளாக ஜட்லாந்துக்கு வந்து ஹெர்னிங், ஹோல்ஸ்டெப்ரோ பக்கம் குடியேறியவர்களின் பேரப்பிள்ளை, தாத்தா படித்த ஊர்ச் சஞ்சிகையின் பழைய இதழைத் தேடும்போது போய்ச் சேரும் இடம் அதுதான்.

அந்த டாட் ஓஆர்ஜியையே நிலமாகப் பார்த்தவர்கள் வந்தார்கள். 2019 ஜூனில் அதன் கட்டண உச்சவரம்பு நீக்கப்பட்டது. நவம்பரில் அதை நிர்வகிக்கும் அமைப்பை ஈதோஸ் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டாலருக்கு விற்க ஒப்பந்தம் ஆனது. உலகெங்கும் தொண்டு அமைப்புகள் கொதித்தெழுந்தன. 2020 ஏப்ரல் 30 அன்று ஐகான் அனுமதி மறுத்தது. மறுத்திராவிட்டால், நன்கொடையில் ஓடும் தமிழ் ஆவணக் காப்பகங்களின் ஆண்டுக் கட்டணத்தை லாபக் கணக்கு பார்ப்பவர்கள் தீர்மானித்திருப்பார்கள். 'இணையம் என்பது நிலம், விலை ஏறட்டும்' என்ற வாதத்தை அதன் முழு நீளத்துக்கு இழுத்தால் முடிகிற இடம் அது. யாரோ நாலு பேர் பொழுதுபோக்குக்கு வாங்கி விற்கிறார்கள் என்று அதை விட்டுவிட முடியாததற்குக் காரணமும் அதுதான்.

எந்த எழுத்தில் பதிகிறோம் என்ற விஷயத்திலும் மதிப்பு புழக்கத்தில்தான் இருக்கிறது. 2004இலிருந்து டாட் டிகேயில் டேனிஷ் சிறப்பெழுத்துகளையும் பதியலாம் என்றானது. அப்படியிருந்தும் ஆர்ஹூஸ் நகரம் 2011 ஜனவரி 1 முதல் தன் பெயரின் வளைய எழுத்தை விட்டுவிட்டு இரட்டை 'ஏ'வுக்குத் திரும்பியது. வெளிநாட்டவர் தட்டச்சுப் பலகையில் வளையம் இல்லை என்பது அங்கே பேசப்பட்ட காரணங்களில் ஒன்று. தமிழுக்கு டாட் இலங்கை, டாட் இந்தியா, டாட் சிங்கப்பூர் என்று மூன்று பின்னொட்டுகள் 2010, 2011லேயே கிடைத்துவிட்டன. மூன்று நாடுகளின் பெயர் தமிழ் எழுத்திலேயே முகவரியாக இருப்பது சின்ன விஷயம் இல்லை. மறுவிற்பனைக்கு ஆகாது என்பதால் வியாபாரிகள் அந்தப் பக்கம் பெரிதாக எட்டிப் பார்க்கவில்லை. அதுவே நல்வாய்ப்பு: பஞ்சாயத்து, பள்ளி, நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் எதுவும் இன்று போய்த் தன் பெயரைத் தன் எழுத்தில் வாங்கலாம், தரகர் யாரும் குறுக்கே இல்லை.

ஆனால் வாங்கினால் போதாது. புலம்பெயர்ந்த ஊர்களில் சங்கங்களும் கோயில்களும் 2000களில் ஆசையாய்த் தொடங்கிய இணையதளங்கள் பல இன்று திறப்பதில்லை. பணம் இல்லாமல் மூடியவை குறைவு. கணினி தெரிந்த ஒரு தன்னார்வலரின் பெயரில் டொமைன் இருந்திருக்கும். அவர் வேலை மாறி வேறு ஊர் போயிருப்பார், அல்லது இறந்திருப்பார். புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல் எவரும் திறக்காத பெட்டியில் கிடந்திருக்கும். அடுத்த பொதுக்குழுவில் நிர்வாகிகள் கேட்க வேண்டியது மூன்றே கேள்வி: நம் முகவரி யார் பெயரில் பதிந்திருக்கிறது, ரினியூவல் அறிவிப்பு எந்த மின்னஞ்சலுக்கு வருகிறது, அடுத்த கெடு எந்தத் தேதி. பதில்களை ஒரு தாளில் எழுதி, வங்கிக் கணக்குப் புத்தகம் இருக்கும் அதே கோப்பில் வைக்கலாம்.